ராஜினாமா கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். எங்களுக்குக் கவுந்தப்பாடி பக்கம். பெருந்துறை அருகே ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். சி.ஏ. துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். 2022 ஜூனில் சேர்ந்தேன். சம்பளம் 26,000 ரூபாய். இது எனக்கு முதல் குழந்தை, இப்போது ஆறாம் மாதம். மே 6 என்று டாக்டர் தேதி சொல்லியிருக்கிறார். பொங்கல் லீவுக்கு முன்னால் பிரின்சிபால் கூப்பிட்டு, "நம்ம காலேஜ்ல சம்பளத்தோட மெட்டர்னிட்டி லீவு குடுக்கற பழக்கமில்லீங்க. ஏப்ரல்ல செமஸ்டர் முடிஞ்சதும் ரிசைன் பண்ணிக்குங்க, அப்புறம் வேகன்சி இருந்தா கூப்பிட்டுக்கறோம்" என்றார். என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. கரஸ்பாண்டன்ட் என் மாமனாருக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் வீட்டில் "எதுக்கு வம்பு, எழுதிக் குடுத்துட்டு வந்துரு" என்கிறார்கள். என் தோழி எய்டடு காலேஜில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு வருடம் லீவு கிடைத்தது. எனக்கு ஏன் கிடையாது? பாரதியார் பல்கலைக்கழகத்தில் பகுதி நேர பிஎச்.டி.யும் பதிவு செய்திருக்கிறேன். அதுவும் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள அம்மணி,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாலும், இப்படிப்பட்ட விஷயத்தில் அவர்கள் ஏப்ரல் வரை காத்திருப்பதில்லை. ஏதோ ஒரு மதியம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, தேதி போடாமல் ஒரு கடிதம் கேட்பார்கள். அதனால் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுகிறேன். எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுங்கள், ராஜினாமா கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தேதி போட்டும் வேண்டாம், தேதி போடாமலும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஈரோட்டில் என் அலுவலகத்துக்கு ஒரு விரிவுரையாளர் வந்தார். மூன்று மாதக் குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கொண்டு வந்த மஞ்சப் பைக்குள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் ஒரு கோடு போட்ட தாள். அவரே கைப்பட எழுதிய ராஜினாமா கடிதத்தின் நகல். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதியிருந்தார். யார் இப்படி எழுதச் சொன்னது என்று கேட்டேன். ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட் பக்கத்தில் நின்று வாசகம் சொல்லச் சொல்ல எழுதினேன் என்றார். அந்த இரண்டு வார்த்தைதான் எங்களுக்கு எமன் ஆனது. வேலையை விட்டு நீக்கினார்கள் என்று வாதாட முடியவில்லை. கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கச் சாட்சி இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கத் தயாராக இல்லை. மற்ற காகிதம் அத்தனையும் அவர் பக்கம் பேசின, அந்த ஒரு தாள் மட்டும் பேசவில்லை. அந்தக் குழந்தையின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, உங்களுக்கு என்ன உரிமை என்பதைப் பார்ப்போம்.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால், இந்த விதிகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-க்குள் இருக்கின்றன. சட்டத்தின் பெயர்தான் மாறியது, 26 வாரம் அப்படியே இருக்கிறது. "அந்தச் சட்டமே இப்ப இல்லீங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதற்குத் தகுதி ஒன்றுதான். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். நீங்கள் மூன்றரை வருடமாகப் போய் வந்துகொண்டிருக்கிறீர்கள். நிரந்தரமா, தொகுப்பூதியமா, புரொபேஷனா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. உங்கள் கல்லூரியும் பல கல்லூரிகளைப் போல வருடா வருடம் மே மாதம் ஆர்டரை முடித்து, ஜூனில் புது ஆர்டர் தருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படித் தந்தாலும் பயப்பட வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்ற காரணத்துக்காக மகப்பேறு பயனை நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஒரு ஒப்பந்த மருத்துவரின் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தகுதி வந்துவிட்டால், ஒப்பந்தத் தேதியைத் தாண்டியும் முழுப் பயனைக் கொடுத்தாக வேண்டும்.

இனித் தேதிக் கணக்கு. 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். உங்களுக்கு மே 6 என்றால், மார்ச் 11-இலிருந்தே வீட்டில் இருக்கலாம். இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. உடம்பு ஒத்துழைத்தால் ஏப்ரல் வகுப்பு வரை எடுத்துவிட்டு, சித்திரை ஒன்று, அதாவது ஏப்ரல் 14-இலிருந்து விடுப்பு கேளுங்கள் என்பது என் யோசனை. அப்போது அக்டோபர் 12 வரை குழந்தையோடு இருக்கலாம். முன்னால் குறைத்துக்கொண்ட நாள் எல்லாம் பின்னால் சேரும். இதில் கல்லூரிக்கும் ஒரு வசதி உண்டு, அதை எடுத்துச் சொல்லவும் செய்யலாம். இரட்டைப்படை செமஸ்டர் பாடத்தை நீங்களே முடித்துவிடுவீர்கள், ஜூனில் தொடங்கும் செமஸ்டருக்கு மட்டும் அவர்கள் மாற்று ஆள் பார்த்தால் போதும். ஆனால் டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னால் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மார்ச்சிலேயே படுத்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் எப்படியும் கோடை விடுமுறைதானே, அதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் லீவு தருவோம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்போம் என்பார்கள். இதைக் கேட்டால் எனக்கு நம் கோயமுத்தூர் வழக்குதான் ஞாபகம் வரும். ஒரு எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்த பெண் 1967 டிசம்பரில் குழந்தை பெற்றார். அப்போது 12 வாரம்தான் சட்டம். நிர்வாகம் அந்த 12 ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி கிடையாது என்று கழித்துக்கொண்டு 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தது. அந்தப் பெண் கோயமுத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். 12 நாள் கூலிக்காகத் தொடங்கிய அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-இல் தீர்ப்பு வந்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. இந்தியா முழுக்க இன்றும் மகப்பேறு விடுப்புச் சம்பளம் கணக்கிடுவது அந்தத் தீர்ப்பை வைத்துத்தான். ஆகவே உங்களுக்கு 26 வாரம் என்றால் 182 நாள், 182 நாளுக்கும் சம்பளம். உங்கள் 26,000 ரூபாய்க்கு அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணத்தை, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கல்லூரி இலவச மருத்துவ வசதி எதுவும் தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனசும் உண்டு. சின்னத் தொகைதான், ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அவர்கள் சொல்லப்போவது, "நாங்க என்ன பனியன் கம்பெனியா? இது டிரஸ்ட், கல்விச் சேவை" என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆசிரியர்களை வாயடைக்க வைப்பது இந்த ஒரு வாதம்தான். பழைய சட்டத்தில் தொழிற்சாலை, தோட்டம், கடை, நிறுவனம் என்றுதான் வாசகம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பல கல்லூரிகள் பல வருடம் நழுவின. கேரள அரசு 2020-இல் தனியாக அறிவிக்கை போட்டு, தனியார் கல்வி நிலைய ஊழியர்களையும் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. புதிய தொகுப்பில் தொழில், வணிகம், உற்பத்தி மட்டுமல்லாமல் வேறு எந்தப் பணி நடக்கும் இடமும் நிறுவனம்தான் என்று வரையறை விரிந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் எதற்கும் மகப்பேறு அத்தியாயம் பொருந்தும். உங்கள் கல்லூரியில் வாட்ச்மேன், பஸ் டிரைவர் எல்லாம் சேர்த்தால் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியிலும் இதே கதைதான் நடந்தது. ஆசிரியர் அந்தச் சட்டத்தின்படி ஊழியரே இல்லை என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியருக்கும் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்துப் போயின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்துவைத்தது. ஒவ்வொரு முறையும் "நாங்கள் கல்வி நிலையம்" என்ற வாதம் வந்திருக்கிறது, கடைசியில் நிற்கவில்லை. அதனால் வாதாட்டத்துக்கே இடமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வாதாடலாம். ஆனால் வேலையில் இருந்துகொண்டு நீங்கள் கேட்கும்போது அந்த வாதத்துக்குப் பதில் இருக்கிறது. ராஜினாமா கொடுத்துவிட்டு வெளியே நின்று கேட்டால் எந்தப் பதிலும் எடுபடாது.

இப்போது செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம். கடிதம் எழுதுங்கள். ராஜினாமா கடிதம் அல்ல, விடுப்புக் கடிதம். உங்கள் கல்லூரி வழக்கப்படி ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், ஆனால் உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, துறைத் தலைவர் வழியாக. நான் 2022 ஜூன் முதல் இக்கல்லூரியில் பணியாற்றி வருகிறேன். எனக்கு 2026 மே 6 அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். 2026 ஏப்ரல் 14 முதல் 26 வாரங்கள் மகப்பேறு விடுப்பில் செல்ல விரும்புகிறேன். விடுப்புக் காலத்தில் வேறு எந்த நிறுவனத்திலும் பணிபுரிய மாட்டேன். மகப்பேறு பயன்தொகையை என் சம்பளக் கணக்கில் செலுத்தவும், எனக்கு ஏதேனும் நேர்ந்தால் என் கணவரிடம் வழங்கவும் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் 13 அன்று பணியில் சேர்வேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். திரும்பி வருவேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகு, அவராகத்தான் போனார் என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு இடத்தில் வேலை பார்க்க மாட்டேன் என்பதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. விடுப்பில் இருக்கும்போது ஆன்லைனில் வேறு நிறுவனத்துக்குப் பாடம் எடுத்தால் அதையே காரணம் காட்டி மீதித் தொகையை மறுக்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது.

ஆபீசில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். "வாங்கி வச்சுக்கறோம், சீலெல்லாம் எதுக்கு" என்றால் சண்டை போட வேண்டாம். வெளியே வந்து அதே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்டரில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். கல்லூரி மின்னஞ்சலுக்கும், உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, ஒரு பிரதி போகட்டும். கல்லூரி கொடுத்த மெயில் ஐடியை நாளைக்கே மூடிவிட முடியும்.

மாமனாரின் சொந்தம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் கல்லூரி நடத்துகிறவர்களும் அதில் வேலை பார்க்கிறவர்களும் ஒரே கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். நாளைக்கு ஒரு காதுகுத்துக்கு நேருக்கு நேர் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது, அதை நான் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் மேலே இருக்கும் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் புகார் இல்லை, குற்றச்சாட்டு இல்லை, வக்கீல் பெயர் இல்லை. விடுப்பு கேட்பது வம்பு ஆகாது. மாமனாரிடம் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டுங்கள். முடிந்தால் அவரையே கரஸ்பாண்டன்டிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், "புள்ளைக்கு லீவு குடுத்துருங்க, அக்டோபர்ல வந்துரும்" என்று. சொந்தம் என்பது விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு மட்டும்தானா உதவ வேண்டும்? பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், கடிதம் அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கட்டும்.

சர்டிபிகேட் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஆசிரியரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டிய பொருள் அது. கல்விச் சான்றிதழ் ஒன்றும் அடகு வைக்கும் பண்டம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து நெட் சான்றிதழ் வரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, வேலையை விடும்போது மூன்று மாதச் சம்பளம் கேட்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பிஎச்.டி. பதிவு சரிபார்ப்புக்கு அசல் தேவை என்று தனியாக ஒரு வேண்டுகோள் கொடுத்து, லீவுக் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் வாங்கப் பாருங்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அதற்காக லீவுக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். என்னென்ன சான்றிதழ் அவர்களிடம் இருக்கிறது என்று பட்டியல் போட்டு, திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டு வையுங்கள். பின்னால் மீட்பதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

ஏப்ரல் வரை நீங்கள் வேலைக்குப் போகப் போகிறீர்கள் அல்லவா, அந்த இடைக்காலத்தையும் கவனியுங்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னால் தொடங்கும் காலத்துக்கும், அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்கும், நீங்கள் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நீண்ட நேரம் நிற்கும் வேலையோ தரக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் தேதிக்கு அது பிப்ரவரி 25-இல் தொடங்குகிறது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பார்க்கும் பரீட்சை ஹால் டூட்டி வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அப்புறம் அட்மிஷன் டூட்டி. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் வேனில் ஏற்றி, வெள்ளகோவில், மூலனூர் என்று வெயிலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க அனுப்புவார்களே, அதற்கு நீங்கள் போகவே கூடாது. "மத்தவங்க எல்லாம் போறாங்க" என்று எச்.ஓ.டி. முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ராஜினாமாவில் மகப்பேறு பணம் மட்டும் போகவில்லை என்பதையும் உங்கள் கணவரிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் 1,800 ரூபாய் என்று இருந்தால், 15,000 ரூபாய்க்கு மட்டும் பி.எஃப். கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி. அதன் கணக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருட எண்ணிக்கையால் பெருக்குவது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தாலே ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 43,000 ரூபாய் வருகிறது. நீங்கள் 2027 ஜூனில் ஐந்து வருடம் தொடுகிறீர்கள். நான்கு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் ஆனாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அதற்கும் முன்னாலேயே தகுதி வந்துவிடும். மகப்பேறு விடுப்பின் 26 வாரமும் தொடர் பணியாகவே எண்ணப்படும். ஏப்ரலில் எழுதிக் கொடுத்தால் இது மொத்தமும் பூஜ்ஜியம். திரும்ப ஜூனில் எடுத்தாலும் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள்.

பி.எஃப். பாஸ்புக்கை இன்றே போனில் திறந்து பாருங்கள். உங்கள் 12 சதவீதத்தோடு கல்லூரியின் 12 சதவீதமும் மாதாமாதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிப்பது சட்டவிரோதம், சில இடங்களில் அது சத்தமில்லாமல் நடக்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் பிரசவச் செலவுக்கு என்று கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். பத்து வருடப் பணி சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால் சேர்ந்த வருடங்களும் அதோடு போய்விடும். உங்களுக்கு 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு வராது. ஆனால் உங்கள் துறையில் 18,000, 20,000 வாங்கும் தங்கைமார் இருப்பார்கள். தமிழ்நாட்டில் தனியார் கல்வி நிலையங்களும் இ.எஸ்.ஐ.க்குள் வந்தாயிற்று. அவர்களுக்கு மகப்பேறு பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தரும், கல்லூரியிடம் கை நீட்ட வேண்டியதில்லை. பிடித்தம் நடக்கிறதா என்று அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தோழிக்கு ஒரு வருடம் எப்படி என்று கேட்டீர்கள். அவர் எய்டடு போஸ்டில் இருக்கிறார், அதாவது அரசு சம்பளம். தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதம் என்று உயர்த்திக்கொண்டே வந்தது. அதே எய்டடு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பக்கத்து வகுப்பறையில் பாடம் நடத்தும் பெண்ணுக்கு அது கிடைக்காது. ஒரே சிலபஸ், ஒரே பரீட்சை, ஒரே விடைத்தாள் திருத்தும் முகாம். இந்த வித்தியாசம் நியாயமே இல்லை என்பதுதான் என் கருத்து. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் 180 நாள் மகப்பேறு விடுப்பு, குழந்தை வளர்ப்புக்கு இரண்டு வருடம் வரை விடுப்பு, தந்தைக்கு 15 நாள் என்றெல்லாம் இருக்கின்றன. உங்கள் கல்லூரியின் பணி விதிப் புத்தகத்தில் யு.ஜி.சி. விதிகளைப் பின்பற்றுவதாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்காகவே பல கல்லூரிகள் அதை அச்சடித்து வைத்திருக்கும். உங்களிடம் பிரதி இல்லாவிட்டால் கல்லூரி இணையதளத்தில் கிடைக்கலாம். அதில் மகப்பேறு விடுப்பு என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். தங்கள் கையெழுத்திட்ட ஆவணத்தையே இல்லை என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

பிஎச்.டி. பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி பொதுவாக ஆறு வருடம், மறுபதிவில் இன்னும் இரண்டு வருடம், பெண்களுக்கு அதற்கு மேல் கூடுதலாக இரண்டு வருடம் உண்டு. மொத்தம் பத்து வருடம். மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் சேர்த்து ஒரு முறை 240 நாள் வரை ஆராய்ச்சி விடுப்பும் எடுக்கலாம். கல்லூரி விடுப்பு வேறு, இது வேறு. உங்கள் நெறியாளர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கும் மருதமலை அடிவாரம் வரை அலைய வேண்டாம், நெறியாளரிடம் இப்போதே சொல்லி வைத்தால் அடுத்த டாக்டரல் கமிட்டித் தேதியை அவரே பிரசவத்துக்கு ஏற்ப மாற்றி வைப்பார். மூன்று வருடத் தொடர் பணிக்குப் பிறகு படிப்பு விடுப்பு என்றும் யு.ஜி.சி. விதியில் இருக்கிறது, ஆனால் உங்கள் கல்லூரியில் இப்போதைக்கு அதைக் கேட்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று. முதலில் குழந்தை.

அக்டோபரில் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை உண்டு. ஐம்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை நீங்கள் போய்க் குழந்தையைப் பார்க்கலாம். கவுந்தப்பாடியிலிருந்து காலேஜ் பஸ்ஸில் கைக்குழந்தையோடு போய்வருவது நடக்கிற காரியமா என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் டைம்டேபிள் போடும்போது முதல் பீரியடும் கடைசி பீரியடும் வேண்டாம் என்று கேட்க இது ஒரு பிடிமானம்.

இவ்வளவுக்கும் பிறகு மறுத்தால்? விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், சம்பளத்தையோ பதவியையோ குறைத்து ஆர்டர் போடுவதும் சட்டப்படி செல்லாது. அப்படி ஒரு ஆர்டர் கைக்கு வந்தால், வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். ஈரோட்டில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கோவை மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் ஒரு பிரதி போகட்டும். கைக்குழந்தைக்காரி அலைய வேண்டாம், உங்கள் கணவரோ அப்பாவோ கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். அந்த 60 நாளைப் பிரசவக் களைப்பில் கடத்திவிட்டு வந்த பெண்கள் எத்தனையோ பேர், அதனால்தான் வீட்டில் வேறொருவருக்கும் இந்தத் தேதிகள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். நாள்காட்டியில் உங்கள் அம்மா கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள்.

இந்த வாரமே டாக்டரிடம் எதிர்பார்க்கும் தேதியைக் குறிப்பிட்டுச் சான்று வாங்குங்கள். இதுவரை வந்த சம்பளச் சீட்டுகள், எல்லா வருட ஆர்டர்கள், பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, கல்லூரிக் கம்ப்யூட்டரில் இல்லாமல் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். கடிதத்தை பிப்ரவரி முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். சீல் விழுந்த நகலை எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அதற்குள் ஆபீசுக்குக் கூப்பிட்டு வேறு ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டால், "வீட்ல கேட்டுட்டு நாளைக்குப் போடறனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.